மானின் முழங்கால் எங்கே?

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேசர் ஆலயத்தையும் கடலையும் தேடிப் போகிறார்கள். மானைத் தேடிப் போகத் தேவையில்லை. அது தானாகவே வரும். பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி ஆலயத்துக்கு ஏறும் வீதியோரத்தில், மர நிழலில் கூட்டமாகப் படுத்திருக்கும். வெயில் தணிந்ததும் கோட்டையை விட்டு வெளியே வந்து டச்சுக்குடாக் கடற்கரைப் பக்கம் மேயும். சில நாட்களில் கடைத்தெரு வரை வந்து, வீசப்பட்ட மரக்கறித் தோலையும் சிலவேளை பொலித்தீன் பையையும் தின்னும். காட்டில் மனித வாடை பட்டதும் பாய்ந்தோடும் புள்ளிமான், இங்கே ஓட்டோவுக்குக்கூட வழிவிடாமல் நிற்கும்.

இந்தக் கோட்டைக்கு நீண்ட கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் பழைய கோணேசர் ஆலயத்தை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டு இதைக் கட்டினார்கள். அவர்களுக்குப் பிறகு ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இன்றும் உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. ஒரே மதிலுக்குள் கோயிலும் துவக்கும் மானும் இருக்கும் இடம் இது.

இந்த மாவட்டத்தில் சமூகப் பணியாளராக வேலை செய்யும் எனக்கு, இங்குள்ள பெண்களின் கதைகளைக் கேட்டு எழுதிக்கொள்வதே பெரும்பாலும் தொழில். இந்தக் கட்டுரை அவர்கள் சொன்ன கதைகளைப் பற்றியதல்ல. அவர்கள் வரைந்த மிருகங்களைப் பற்றியது.

பனிநாட்டு மான்

எங்கள் தையல் குழுவில் பதினொரு பேர். திருமலை நகரம், கிண்ணியா, மூதூர், சம்பூர்ப் பக்கத்துப் பெண்கள். தமிழரும் முஸ்லிம்களும் உண்டு. 2004 சுனாமியில் கணவரை இழந்தவர் இருக்கிறார். 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்கில் இருந்து, 2015க்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பியவர் இருக்கிறார். முன்னர் மூதூரிலிருந்து வருவதென்றால் படகை நம்ப வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு இவர்கள் பஸ்ஸில் வந்து மாலையில் வீடு திரும்புகிறார்கள்.

குழு தைப்பது கதிரை மெத்தை உறை, மேசை விரிப்பு, சுவரில் தொங்கவிடும் துணி. அவற்றில் நூலால் பூவேலை செய்வார்கள். உருவங்களை எல்லாம் வாழ்த்து அட்டை, பழைய சஞ்சிகை ஆகியவற்றிலிருந்து காபன் தாள் வைத்து எடுப்பதுதான் வழக்கம். பூ, மயில், மான் என்று எது கேட்டாலும் காபன் தாளில் இருந்தது.

நிலாவெளிப் பக்கத்தில் உல்லாசப் பயணிகளுக்குப் பொருட்கள் விற்கும் ஒருவர் எங்கள் மான் உறையைத் திருப்பித் தந்துவிட்டார். "இது இங்கத்த மான் இல்ல. பனி விழுற நாட்டு மான். வெள்ளைக்காரர் திருகோணமலை மானைப் பார்த்துப்போட்டு வந்துதான் இதைக் கேக்கினம்" என்றார். துணியை மறுபடி பார்த்தபோது அவர் சொன்னது விளங்கியது. மரக்கிளை போலப் பரந்த கொம்பு, தடித்த கழுத்து, கழுத்தில் தொங்கும் உரோமம். நத்தார் வாழ்த்து அட்டையிலிருந்து வந்த மான் அது. தினமும் பஸ் தரிப்பிடத்துக்குப் போகும் வழியில் உயிரோடு நிற்கும் மானை விட்டுவிட்டு, கண்டறியாத நாட்டு மானைத் தைத்துக்கொண்டிருந்தது குழு.

"அப்ப எங்கட மானை நாங்களே கீறுவம்" என்றார் குழுவில் மூத்தவரான சம்பூர் அக்கா. சொன்ன உடனேயே எல்லோரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பென்சில் பிடித்தவர்கள் அங்கே குறைவு.

நம் சமூகத்தில் சித்திரம் என்பது பிள்ளைகளின் பாடம். போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு வர்ணமும் களிமண்ணும் கதையும் கொடுக்க வேண்டும் என்பது நமக்கு விளங்கியிருக்கிறது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அதற்கு நல்ல சான்று. வளர்ந்த பெண்ணுக்கு யாரும் வெள்ளைத் தாள் கொடுப்பதில்லை. அவளுக்குக் கொடுக்கப்படுவது நிரப்ப வேண்டிய படிவங்கள்தான்.

குதிக்கால்

ஓய்வு பெற்ற சித்திர ஆசிரியை ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து சொல்லித்தர இணங்கினார். முதல் நாளே காபன் தாள்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு மூடினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். "மானுக்கு முழங்கால் எங்க இருக்கு?"

பின்னங்காலின் நடுவில், பின்னோக்கி வளைந்திருக்கும் மூட்டை எல்லோரும் காட்டினார்கள். "எங்கட முழங்கால் முன்னுக்கு வளையுது. மானுக்குப் பின்னுக்கு வளையுது" என்று ஒரு தங்கை விளக்கமும் சொன்னாள்.

டீச்சர் எங்களைச் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்கச் சொன்னார். குதிக்காலை உயர்த்தி, விரல் நுனியில் நிற்க வேண்டும். முழங்காலைச் சிறிது மடிக்க வேண்டும். "இப்ப உங்கட குதிக்கால் எங்க நிக்குது? நிலத்துக்கு மேல, பின்பக்கம். மானின்ர காலில நீங்கள் காட்டினது அந்தக் குதிக்காலைத்தான். மான் பிறந்த நாள் தொடக்கம் விரல் நுனியிலதான் நிக்குது."

மானின் உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரத்தில், தோலோடு சேர்ந்து மறைந்திருக்கிறது. அது நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் வளைகிறது. முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்வது அதன் மணிக்கட்டு. முழங்கை நெஞ்சோரத்தில் இருக்கிறது. குளம்பு என்பது இரண்டு விரல்களின் நகம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதே அமைப்புத்தான். குதிரை ஒற்றை விரலில் நிற்கிறது. யானையும் விரலில்தான் நிற்கிறது. அதன் பாதத்துக்குள் குதிக்குக் கீழே மெத்தை போன்ற கொழுப்புச் சதை இருப்பதால் தட்டையான பாதம்போலத் தெரிகிறது. குரங்கும் கரடியும் நம்மைப்போல உள்ளங்காலை ஊன்றி நடக்கின்றன.

இது விளங்கியதும் தாளில் மானின் கால் மாறியது. அதுவரை மேசைக்கால் மாதிரி நாலு நேர்க்கோடுகளாக இருந்தவை, மடிந்து நிமிரும் கால்களாயின. மூட்டு எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் கால் எந்தப் பக்கம் மடியும், எந்தப் பக்கம் மடியாது என்பது தெரியும். அது தெரிந்தால் நிற்கும் மானையும் வரையலாம், படுத்திருக்கும் மானையும் வரையலாம், பாயும் மானையும் வரையலாம். காபன் தாளில் ஒரு மானுக்கு ஒரு நிலைதான் உண்டு.

முன்னங்காலைப் பற்றி டீச்சருக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தவர் கிண்ணியா ராத்தா. மாடு நடக்கும்போது அதன் தோள்பட்டை ஏன் முதுகுக்கு மேலே எழும்பி எழும்பித் தாழ்கிறது என்று டீச்சர் கேட்டார். ராத்தா தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பான் இறைச்சி துண்டு போடக்குள்ள பார்த்திருக்கன். பின்னங்காலை எடுக்கிறண்டா இடுப்புக் குழியில இருக்கிற மூட்டைக் கழட்டணும். முன்னங்காலுக்கு அப்படி ஒண்டும் இல்ல. சதைக்குள்ள கத்தியப் போட்டாச் சும்மா வந்திரும்."

அதுதான் சரியான விடை. மாடு, ஆடு, மான் இவற்றுக்கு நமக்கு இருப்பதுபோலக் கழுத்தோர எலும்பு கிடையாது. முன்னங்கால் நெஞ்சுக்கூட்டோடு எலும்பால் பொருந்தவில்லை, தசையால் தொங்குகிறது. பாய்ந்து இறங்கும் மானின் பாரத்தை வாங்கிக்கொள்வது அந்தத் தசைத் தொட்டில்தான். அன்று ராத்தாவின் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. தனக்குத் தெரிந்த ஒன்று பாடமாகும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

நாலு காலில் நடந்தோம்

அடுத்த பாடம் நடை. நாலு கால் மிருகம் நடக்கும்போது எந்தக் கால் முதலில் போகும்? குழு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. முடிவில் டீச்சர் மண்டபக் கதவைச் சாத்தச் சொன்னார். பதினொரு பெண்களும் சேலையையும் பாவாடையையும் இடுக்கிக்கொண்டு கைகளை ஊன்றி நடந்தார்கள். பத்து நிமிடம் சிரிப்பைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. வயிறு நோகச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நடந்தார்கள்.

பிறகு வெளியே போய் வீதியில் நடந்த மாட்டைப் பார்த்தோம். வலது பின்னங்கால், அடுத்து வலது முன்னங்கால், அடுத்து இடது பின்னங்கால், அடுத்து இடது முன்னங்கால். பின்னங்கால் வந்து ஊன்றப்போகும் இடத்தை விட்டு முன்னங்கால் சரியான நேரத்துக்கு எழும்புகிறது. மான், ஆடு, நாய் எல்லாவற்றுக்கும் மெல்ல நடக்கும்போது இதே ஒழுங்குதான். விரைந்தால் ஒழுங்கு மாறும். துள்ளு நடையில் வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் ஒன்றாகப் போகும், பிறகு மற்ற இரண்டும். யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒரே நேரத்தில் நாலு காலையும் நிலத்தை விட்டு எடுப்பதில்லை.

இது உலகத்தின் பெரிய ஓவியர்களுக்கும் சிக்கலாக இருந்த விடயம். பாயும் குதிரையை வரையும்போது முன்னங்கால் இரண்டையும் முன்னுக்கும் பின்னங்கால் இரண்டையும் பின்னுக்கும் நீட்டி வரைவது ஐரோப்பாவில் வழக்கமாக இருந்தது. 1878இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் பாதையோரத்தில் கமெராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரையைப் படிப்படியாகப் படம் பிடித்தார். நாலு காலும் நிலத்தை விட்ட கணம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீட்டியிருக்கவில்லை, வயிற்றுக்குக் கீழே மடங்கிக் கூடியிருந்தன.

கமெரா இல்லாத காலத்திலும் கூர்ந்து பார்த்தவர்கள் நம் பக்கத்தில் இருந்தார்கள். மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பிகள் பெரும் பாறையில் செதுக்கிய கூட்டத்துக்குள் ஒரு மான் படுத்தபடி பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. பக்கத்திலே உள்ள கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கும்போது பசு திரும்பித் தன் கன்றை நக்குகிறது. அநுராதபுரம் இசுருமுனியாவில் குளத்தோரப் பாறையில் யானைகள் நீரில் குளிப்பதுபோலவே இருக்கின்றன. சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கம், எருது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. டீச்சர் இந்தப் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். நாங்கள் தெய்வத்தையும் அரசனையும் விட்டுவிட்டு, மூக்கைச் சொறியும் மானையே நெடுநேரம் பார்த்தோம். அந்தச் சிற்பி மானுக்குப் பக்கத்தில் அதிக நேரம் சும்மா இருந்திருக்க வேண்டும்.

எழும்பும் மாடு

சம்பூர் அக்கா மான் வரையவில்லை. அவருக்கு மாடுதான் வந்தது. படுத்த மாடு எப்படி எழும்பும் என்று டீச்சர் கேட்டபோது, மற்றவர்கள் யோசிக்க முன்பே சொன்னார். "பின்பக்கத்தைத்தான் முதல்ல தூக்கும். முன்னங்கால் ரெண்டும் கொஞ்ச நேரம் மடிஞ்சபடி, கும்பிட்ட மாதிரி நிக்கும். பிறகுதான் ஒண்டு ஒண்டா ஊண்டி எழும்பும். குதிரை அப்படியில்லையாம், முன்பக்கத்தால எழும்புமாம்."

சொல்லிக்கொண்டே கீறினார். முதலில் முதுகுக் கோடு. திமில். திமிலுக்குப் பிறகு சிறு பள்ளம். இடுப்பெலும்பு இரண்டும் தோலுக்குக் கீழே முட்டிக்கொண்டிருக்கும் இடம். வாலடி. பால்காரியின் கை எங்கெங்கே தொட்டுப் பழகியதோ அங்கெல்லாம் கோடு தயங்காமல் போனது. முகம் மட்டும் வரவில்லை. நாலைந்து தரம் அழித்தார்.

"இது ஆரு?" என்று ராத்தா கேட்டார்.

"வெள்ளைச்சி" என்றார் அக்கா. பிறகு மற்ற மாடுகளின் பெயர்களையும் சொன்னார். சுட்டி, கறுப்பி, கொம்பி. 2006இல் ஷெல் விழத் தொடங்கியபோது கட்டையிலிருந்து அவிழ்த்து விட்டுவிட்டு ஓடியதாகச் சொன்னார். பத்து வருடம் கழித்துத் திரும்பியபோது பட்டி இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது.

இழப்பீட்டுப் படிவங்களில் "கால்நடை" என்ற தலைப்பின் கீழே ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்குள் எண்ணிக்கை எழுதலாம். எழும்பும்போது எந்தக் காலை முதலில் ஊன்றும் என்று எழுத இடமில்லை. சமூகவியல் படித்த காலத்திலிருந்து நான் பல ஆய்வுப் படிவங்களைக் கண்டிருக்கிறேன். ஒரு பெண் எதை இழந்தாள் என்பதை அந்த வெள்ளைத் தாளில் வந்த முதுகுக் கோடு அவற்றைவிடத் தெளிவாகச் சொன்னது.

திருக்கடலூர் மீனும் சுவாமி மலைத் திமிங்கிலமும்

ஒரு சனிக்கிழமை விடியப்புறம் திருக்கடலூர்க் கரைக்குப் போனோம். தோணிகள் வந்து சேரும் நேரம். மீன் கூடைகளுக்குப் பக்கத்தில் கொப்பியும் பென்சிலுமாக நின்ற பெண்களைப் பார்த்து மீனவர்கள் முதலில் பகிடி பண்ணினார்கள். பிறகு நல்ல மீனாகப் பார்த்து எடுத்துக் காட்டினார்கள்.

மீனின் உருவம் அதன் ஓட்டத்தைச் சொல்கிறது. சூரை இரண்டு பக்கமும் கூர்மையான உருளை. உடல் கட்டியாக இருக்கும், வால் பிறைபோல விறைப்பாக இருக்கும். நெடுந்தூரம் நில்லாமல் ஓடும் மீன் அது. பாரை பக்கவாட்டில் தட்டையானது. சட்டென்று திரும்பும். திருக்கை மேலிருந்து அமத்திய மாதிரித் தட்டை. சிறகுபோன்ற ஓரங்களை அலைத்து மணலை ஒட்டிப் போகும். விலாங்கு முழு உடலையும் பாம்புபோல நெளிக்கும். மீன் விற்கும் பெண்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை. நடுமுள் எங்கே ஓடுகிறது, வயிறு எங்கே முடிகிறது, செட்டை எந்த முள்ளில் தொடங்குகிறது என்பது அவர்களுடைய கத்திக்குத் தெரியும். ஒரு தங்கை சூரையை வரைந்துவிட்டு, "வெட்டுற மாதிரியே கீறினன் மிஸ்" என்றாள். அதைவிடச் சுருக்கமாக இந்தக் கலையை யாரும் சொல்ல முடியாது.

அங்கிருந்து கோட்டை வழியாகச் சுவாமி மலைக்கு ஏறினோம். கோணேசர் ஆலயம் நிற்கும் அந்தச் செங்குத்துப் பாறையிலிருந்து, கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் திமிங்கிலம் மூச்சு விடும் நீர்ப்புகையைச் சிலவேளை காணலாம். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிகக் கிட்ட வருகிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்துக்குப் பேர் போன இந்தக் கடல், உலகின் மிகப் பெரிய மிருகமான நீலத்திமிங்கிலத்தையும் கரைக்குக் கிட்டக் கொண்டுவருவது அதனால்தான்.

அன்று எங்களுக்குத் திமிங்கிலம் தெரியவில்லை. ஆனாலும் டீச்சர் அதன் வாலைப் பற்றிச் சொன்னார். மீனின் வால் நிமிர்ந்து நிற்கும், இடமும் வலமும் ஆடும். திமிங்கிலத்தின் வால் படுக்கையாக இருக்கும், மேலும் கீழும் அடிக்கும். டொல்பினும் அப்படித்தான். அவை மீனல்ல, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் மிருகங்கள். அவற்றின் பரம்பரை ஒரு காலத்தில் தரையில் நாலு காலில் நடந்தது. ஓடும் நாயின் முதுகைப் பாருங்கள், வில்லைப்போல மேலும் கீழும் வளையும். கடலுக்குள் போன பிறகும் திமிங்கிலத்தின் முதுகெலும்பு அந்தப் பழக்கத்தை விடவில்லை. முன்செட்டைக்குள் விரல் எலும்புகள்கூட இருக்கின்றன.

"அப்ப கடலுக்குள்ள போனாலும் கரைப் பழக்கம் போகாதெண்டுறீங்கள்" என்றார் சுனாமிக்குப் பிறகு கடலோரத்தை விட்டு உள்ளே குடியேற்றப்பட்ட ஒரு அக்கா. அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை.

காது முதலில் திரும்பும்

மான் பாடம் கோட்டைக்குள் நடந்தது. பத்துப் பேர் போனார்கள். ஒருவர் வாசலோடு நின்றுவிட்டார். மகனைத் தேடி ஒவ்வொரு முகாம் வாசலாக நின்றவர் அவர். சீருடை நிற்கும் எந்த வாசலுக்குள்ளும் காலெடுத்து வைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார். யாரும் வற்புறுத்தவில்லை. அவர் டச்சுக்குடாக் கரையில் ஒரு மரத்தடியில் கொப்பியோடு இருந்தார்.

உள்ளே நாங்கள் பார்த்தவை இவை. கொம்பு ஆணுக்கு மட்டும்தான். ஒவ்வொரு கொம்பிலும் வழக்கமாக மூன்று முனை. ஆடு மாட்டுக் கொம்புபோல நிரந்தரமல்ல. விழுந்து, மறுபடி வளரும். வளரும்போது மெல்லிய உரோமத்தோல் மூடியிருக்கும். புள்ளிகள் தாறுமாறாகச் சிதறியவை அல்ல. முதுகெலும்பை ஒட்டி வரிசையாக ஓடுகின்றன. புள்ளி வரிசையைச் சரியாகப் போட்டால் முதுகின் வளைவு தானாகத் தெரியும். கழுத்தின் முன்பக்கத்தில் வெள்ளைத் திட்டு. எட்டாத இலைக்குப் பின்னங்காலில் எழுந்து நிற்கும்.

மாலையில் எல்லோரும் கொப்பிகளை விரித்து வைத்தோம். வெளியே நின்ற அக்காவின் மான்தான் உயிரோடு இருந்தது. கோட்டையை விட்டு வெளியே வந்த பெண்மான் ஒன்றை அவர் வரைந்திருந்தார். உடல் அரைகுறைதான். ஆனால் ஒரு காது முன்னுக்கும் ஒரு காது பின்னுக்கும் திரும்பியிருந்தது. ஒரு முன்னங்கால் நிலத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. வால் பாதி எழுந்து அடிப்பக்கத்து வெள்ளை தெரிந்தது.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். அவர் சாதாரணமாகச் சொன்னார். "முதல்ல காதுதான் திரும்பும் டீச்சர். பிறகு கழுத்து. உடம்பு அப்பவும் அசையாது. கடைசியாத்தான் கால். ஓடுறதா நிக்கிறதா எண்டு அதுக்குத் தெரியாது. நாங்களும் வருசக்கணக்கா அப்படித்தானே இருந்தம். வாகனச் சத்தம் கேட்டா முதல்ல காதுதானே போகும்."

அவர் இன்றுவரை கோட்டைக்குள் போகவில்லை. அந்த மான்தான் இப்போது எங்கள் குழுவின் அடையாள உரு. சுவர்த் துணியிலும் மெத்தை உறையிலும் அதைத்தான் தைக்கிறோம். நிலாவெளிக் கடைக்காரர் வாங்குகிறார். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது விலை பேசும்போது பெண்கள் குரலைத் தாழ்த்துவதில்லை. "இது எங்கட கீறல்" என்கிறார்கள். சம்பூர் அக்காவின் வெள்ளைச்சியை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். அக்கா கொடுக்கவில்லை.

நீங்களும் தொடங்கலாம்

வாசகிகளே, இதற்கு மான் வேண்டுமென்றில்லை. உங்கள் வளவில் ஒரு ஆடு இருக்கும், ஒழுங்கையில் ஒரு நாய் இருக்கும். ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும். அழிறப்பரை முதல் கிழமைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

முதல் நாள் வரைய வேண்டாம், பாருங்கள். பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு நிலத்துக்கு ஒரு கோடு போடுங்கள். நிலம் இல்லாத மிருகம் தாளில் மிதக்கும். அடுத்தது தலையிலிருந்து வால் வரை முதுகுக் கோடு. அதை ஒரே இழுப்பில் போடுங்கள், கோலத்துக்கு இழுப்பதுபோல. அந்தக் கோட்டில் நெஞ்சுக்கூட்டை ஒரு பெரிய தேங்காயாகவும், இடுப்பை ஒரு சின்னத் தேங்காயாகவும், தலையை ஒரு மாங்காயாகவும் தொங்கவிடுங்கள். இரண்டு தேங்காய்க்கும் இடையில் உள்ள இடம்தான் வளையும், நீளும். கால்களுக்கு மூட்டு இருக்கும் இடங்களில் மட்டும் புள்ளி வைத்து, பிறகு இணையுங்கள். குதிக்கால் எங்கே என்று சந்தேகம் வந்தால் எழுந்து விரல் நுனியில் நின்று பாருங்கள். கண்ணும் உரோமமும் புள்ளியும் கடைசியில்.

மிருகம் நகர்ந்துவிட்டால் அந்தப் படத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தொடங்குங்கள். அது பழைய நிலைக்குத் திரும்பி வரும், அப்போது முதல் படத்தைத் தொடரலாம். ஒரு பக்கத்தில் பத்து அரைகுறை ஆடுகள் இருப்பது நல்லது. பத்தும் சேர்ந்து ஆடு எப்படி அசைகிறது என்று சொல்லும்.

தொடங்க நல்ல நேரம் மத்தியானம் கழிந்த பிறகு. மேய்ந்து வந்து நிழலில் படுத்து அசைபோடும் ஆடு, தாடையைத் தவிர வேறொன்றையும் அதிகம் அசைக்காது. உங்களுக்கும் அடுப்பு வேலை முடிந்திருக்கும். அதற்கு எதிரே ஒரு பலகையைப் போட்டு இருந்துகொள்ளுங்கள். பால் கறந்த கைக்கும், மீன் வெட்டிய கைக்கும், குட்டி ஈன்ற ஆட்டைத் தடவிக் கொடுத்த கைக்கும் பாதி பாடம் ஏற்கெனவே தெரியும்.